மொட்டைமாடிக் கோரை

என் கோரையை யாரோ அறுக்கிறார்கள் என்று முதலில் பட்டது போன ஆடியில்.

மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில், சிமெண்ட் தொட்டித் தண்ணீரில் வளர்க்கும் கோரை அது. பெருங்குடியில் எங்கள் ஆபீஸுக்குப் பின்னால் உள்ள சதுப்பிலிருந்து வேரோடு பிடுங்கி வந்தேன். ஆபீஸ் வாட்ச்மேன் அன்றைக்கே சிரித்தார். "இன்னா மேடம், ரோஜாச் செடி கெடைக்கலயா? புல்லப் புடுங்கிக்கினு போறீங்க?" சிரிக்கட்டும். அது காற்றில் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தால்தான் எனக்கு ஆபீஸ் எரிச்சல் அடங்கும்.

சந்தேகம் நேராக எதிர்வீட்டுக்காரர் மேல் போனது. குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி. தொட்டி வைத்த நாளிலிருந்தே, "கொசு வரும்மா, எடுத்துடுங்கோ" என்று ஒரே பாட்டு. புழுவைத் தின்ன கப்பி மீன் விட்டிருக்கிறேன் என்றாலும் காதில் ஏறவில்லை. தொட்டியை அகற்றச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடப்போவதாகவும் சொல்லிவிட்டார். அதுவரை பொறுக்காமல் கத்தரிக்கோலோடு கிளம்பிவிட்டாரா மனுஷன்?

அமாவாசைக்கு அமாவாசை அறுபடுகிறது என்று பிறகு புரிந்தது. செய்வினையோ? படித்தவள்தான் நான். ஆனாலும் தெருவில் கிடந்த எலுமிச்சம்பழத்தைத் தாண்டாமல் சுற்றிப் போனேன்.

சந்திரகிரகணத்துக்கு மறுநாள் கூட்டம். அன்று காலை பார்த்தால் பாதித் தொட்டி மொட்டை! விறுவிறுவென்று இறங்கி எதிர்வீட்டு மணியை அடித்தேன். செக்ரட்டரியின் மனைவி, மாமி, திறந்தார். உள்ளே ஊறுகாய் ஜாடி, தயிர்ப் பாத்திரம், தண்ணீர்க் குடம் எல்லாவற்றின் மேலும் என் கோரை!

"உங்க தர்ப்பைதான். கிரகணத்துக்குப் போட்டேன்" என்றார் மாமி கூச்சமாக. "கடைல வெறும் காஞ்ச கட்டுதானே கிடைக்கறது? மாமா தர்ப்பணத்துக்கும் இதைத்தான் எடுத்துக்கறார். கேக்க சங்கோஜம்."

ஒரு தண்டை எடுத்து விரலில் உருட்டினேன். தர்ப்பை என்றால் தட்டையாக இருக்கும்; இதில் மூன்று விளிம்பும் தட்டுப்பட்டன. சுத்தமான கோரை. கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"தர்ப்பணம் பண்ணிவைக்கிற வாத்தியார் ஒண்ணும் சொல்லலையா மாமி?"

"அவர் எங்கே வரார்? போன்லதானே மந்திரம் சொல்றார்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செக்ரட்டரி வெளியே வந்தார். "தொட்டி இருக்கட்டும்மா. தீர்மானத்தை வாபஸ் வாங்கிட்டேன். கொசுவாவது ஒண்ணாவது!"

கையிலிருந்த தண்டை ஊறுகாய் ஜாடி மேலேயே திரும்ப வைத்தேன்.

தொட்டி தப்பியது. போன வாரம் படியில் பார்த்தபோது செக்ரட்டரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தை அமாவாசைக்கு வாத்தியார் நேர்லயே வரார்மா. பச்சைத் தர்ப்பையைப் பாத்து அசந்துபோயிடுவார்!"

வாத்தியார் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாரே! அன்றிலிருந்து நர்சரி நர்சரியாக நிஜத் தர்ப்பைக்கு அலைகிறேன். அடையாறில் ஒருவர் தொட்டியோடு நீட்டி, தர்ப்பைதான் என்று சத்தியம் செய்தார்.

எனக்கு அவர் மேலும் சந்தேகம். ஒவ்வொரு தாளாக விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.