கொட்டகை போட்ட நாளைப் பார்த்தவர்

ஓசூர் கோர்ட்டுக்கு எதிரில் நான் சாப்பாட்டுக் கடை நடத்திய காலத்தை நினைத்தால், சாப்பிட வந்த வக்கீல்களின் முகத்துக்கு முன்னால் அவர்களுடைய கறுப்புக் கோட்டுகள்தான் கண்ணில் வருகின்றன. குழம்பு பட்டுவிடக் கூடாது என்று சாப்பிட உட்காரும் முன்னே கோட்டைக் கழற்றி, கொட்டகைத் தூணில் நான் அடித்து வைத்த ஆணிகளில் மாட்டிவிடுவார்கள். கீற்று இடுக்கில் இறங்கும் வெயில் அவற்றின் மேல் புள்ளி புள்ளியாக விழும். காற்றடித்தால் கோட்டுகள் ஆடும், புள்ளிகளும் இடம் மாறும். அடுப்படியில் இருந்து பார்க்கும்போது ஏதோ தண்ணீருக்கு அடியில் தொங்குவது போல இருக்கும். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். வந்தவரைக்கும் எழுதுகிறேன்.

அவர்களில் மூத்தவரை எல்லோரும் வக்கீலய்யா என்போம். பாகலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கட்சிக்காரர்களோடு பேசுவார், மூன்றிலும் மெதுவாகவே பேசுவார். ஹைகோர்ட் புதிதாகச் சொன்ன தீர்ப்புகளை அச்சடித்த புத்தகம் மெட்ராஸ் பஸ்ஸில் அவர் பேருக்கு வரும். வந்த வாரம் சனிக்கிழமை மதியம் என் கடையில் கூடுவார்கள். வக்கீலய்யா தீர்ப்பைப் படித்துத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். கட்சி பிரிக்க ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கேழ்வரகுக் களி வாங்கியவர் வாதி, சோறு வாங்கியவர் பிரதிவாதி.

"ஏம்மா, இன்னிக்கு வாதி பக்கம் பலமா இருக்கும்போலகீது, எனக்கும் களியே போடு" என்பார் ஒருவர்.

"இலையில சோறு விழுந்தாச்சு சார், இனி கட்சி மாற முடியாது" என்பேன். சிரிப்பார்கள்.

ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. அதனால் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவன் கம்பெனி ஆளா, காண்ட்ராக்டர் ஆளா? கூட்டு வியாபாரத்தில் ஒருத்தன் பாதியில் விலகினால் மற்றவன் கதி என்ன? சரக்கை கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியில் ஏற்றி இந்தப் பக்கம் ஓசூரில் இறக்கினால், தகராறு வரும்போது எந்த ஊர்க் கோர்ட்டு? கர்நாடக ஹைகோர்ட் ஒன்று சொல்லும், நம் ஹைகோர்ட் வேறொன்று சொல்லும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன். பாதி புரியாது. ஆனாலும் அந்தப் பேச்சு ஓடும்போது, எங்கேயோ தூரத்தில் யாரோ நம்மைப் பற்றி முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு மயக்கம் மாதிரி இருக்கும்.

ஒரு நாள் என்னைப் பற்றியே பேச்சு வந்தது.

அந்த இடம் எனக்குச் சொந்தமில்லை. வெறும் மண்ணைத்தான் வாடகைக்கு வாங்கினேன். மூங்கிலும் கீற்றும் என்னுடையவை. கொட்டகை போட்ட அன்று வக்கீலய்யா புதிதாகத் தொழிலுக்கு வந்த இளைஞர். தூண் சாய்ந்தபோது ஓடி வந்து தோள் கொடுத்து, கயிறு கட்டி முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். கூரை மூடும் முன்னே அன்றைய சாப்பாட்டை வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டவரும் அவர்தான். வருஷங்கள் போய், மண்ணின் சொந்தக்காரர் இறந்தார். அவர் மகன் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டான். அவர் லாட்ஜ் கட்டப் போகிறாராம். கடையைக் காலி செய்யச் சொல்லிக் கோர்ட்டில் இருந்து எனக்குச் சம்மன் வந்தது.

நான் யாரிடமும் ஓடவில்லை. தினமும் என் கையால் சாப்பிடுகிற வக்கீலய்யா, எனக்காக நிற்காமல் யாருக்காக நிற்பார்? இதை வேறு வாய்விட்டுக் கேட்பார்களா என்று இருந்தேன். சேலத்தில் இருந்து புதிதாக வந்திருந்த சின்ன வக்கீலம்மாதான் சம்மனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, பெங்களூர்க்காரருக்கு வக்கீல் நம்ம ஐயாதான். ரெண்டு வருஷமா அவரோட நில வேலை எல்லாம் ஐயாதான் பாக்கறாரு."

அன்று மதியம் அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"கேஸு முடியற வரைக்கும் நான் இங்க சாப்பிடறது முறையில்லம்மா."

"சாப்பாடு வேற, கேஸு வேற. உள்ள வாங்க சாமி. எம் பக்கம் சின்ன வக்கீலம்மா நிக்கறாங்க."

வந்து உட்கார்ந்தார். அன்று அவர் தலை நிமிரவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை புத்தகம் வந்தது. வழக்கம்போலப் பிரித்தார், படித்தார். நடுவில் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார்: வெறும் மண்ணை வாடகைக்கு வாங்கித் தன் செலவில் கட்டடமோ கொட்டகையோ போட்டவரைச் சும்மா வெளியே தள்ள முடியாது. அந்த மண்ணைத் தனக்கே விலைக்குக் கொடுக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம், ஆனால் சம்மன் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும். இலை முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். சின்ன வக்கீலம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். திங்கட்கிழமை மனு போட்டாள்.

பெங்களூர்க்காரர் காரில் வந்து இறங்கினார். சாப்பிடுகிறவர்கள் முன்னாலேயே சத்தம் போட்டார்.

"ஏன் ஸ்வாமி, நீங்க எனக்கு வக்கீலா, இந்தம்மாவுக்கா?"

"அச்சாகி வந்ததை மறைச்சா நான் யாருக்குமே வக்கீல் இல்ல."

"சரி, ஆனது ஆச்சு. கொட்டகை பழைய ஓனர் போட்டதுன்னு எழுதுங்க. அவர்தான் செத்துட்டாரே, யார் வந்து இல்லேங்கப் போறாங்க?"

வக்கீலய்யா சோற்றுக் கையை உதறினார். "நான்" என்றார்.

மறுநாளே அந்தக் கேஸ்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெங்களூர்க்காரர் வேறு வக்கீலை வைத்து, கொட்டகை பழைய ஓனர் போட்டது என்றே எழுதிக் கொடுத்தார். விசாரணை அன்று, எத்தனையோ பேரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்ட வக்கீலய்யா, எனக்குச் சாட்சியாகத் தானே கூண்டில் ஏறினார். கோட்டு இல்லாமல் வெள்ளைச் சட்டையில் அவர் மெலிந்தவராகத் தெரிந்தார். கிருஷ்ணகிரியில் இருந்து வந்த எதிர்க்கட்சி வக்கீல், "நீங்க அந்தக் கடையில தினமும் சாப்பிடறவர்தானே? அப்போ அந்தம்மாவுக்கு வேண்டியவர்" என்றார்.

"அங்க சாப்பிட்டேன். உங்க கட்சிக்காரருக்கு வக்கீலாவும் இருந்தேன். நான் யாருக்கு வேண்டியவன்னு நீங்களே சொல்லுங்க. தூணை நான் பிடிச்சேன், அந்தம்மா கயிறு கட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ஜட்ஜ் தலையைக் குனிந்து எழுதினார். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன். கோர்ட் வைத்த விலைக்கு அந்த மண் என் பேருக்கு வந்தது.

அதற்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் வக்கீலய்யாவிடம் வருவது குறைந்தது. "கட்சிக்காரரை விட்டுட்டுக் கடைக்காரம்மாவுக்குச் சாட்சி சொன்னவரு" என்று கூடச் சாப்பிட்டவர்களே கிண்டல் செய்தார்கள். அவர் இன்னொரு கரண்டி குழம்பு கேட்பார். நான் அவரிடம் நன்றி என்று வாயால் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் கூச்சத்தில் வேறு கடைக்குப் போயிருப்பார்.

சில வருஷம் கழித்து ஒரு மதியம் அதே கார் வந்து நின்றது. பெங்களூர்க்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கூட்டாளி ஏமாற்றிவிட்டானாம், பெரிய கேஸாம்.

"மூணு வக்கீலப் பாத்துட்டேன்மா. ஐயா சொன்னாதான் ஜட்ஜு நம்பறாங்க. எனக்கு எதிராவே நெசத்தச் சொன்னவராச்சே. இருக்காரா?"

"சாப்பிடறாரு. அப்பிடி உக்காருங்க."

இடித்துத் தள்ள நினைத்த கொட்டகையின் நிழலில், ஒரு முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது அங்கே கொட்டகை இல்லை, கான்கிரீட் தளம் போட்டாகிவிட்டது. வக்கீலய்யாவும் இல்லை. கடைக்கு வருகிற இளவயது வக்கீல்கள் தீர்ப்பையெல்லாம் போனில் தள்ளித் தள்ளிப் படிக்கிறார்கள். ஆனால் கண்ணை மூடினால் அந்த முக்காலியும் அந்த மனிதரும் அப்படியே இருக்கிறார்கள். எவ்வளவு நேரம் காக்க வைத்தேன் என்று தெரியாது. வக்கீலய்யாவுக்கு அன்று மோரை மெதுவாகத்தான் ஊற்றினேன்.