பாதி, பாதியில் பாதி: நோவீனாவிலிருந்து ஒரு வளைகாப்புக்கு

இந்தப் பயணத்தை நான் திட்டமிடவில்லை. மகள் கயலின் வளைகாப்புக்குச் சம்பந்தி வீட்டார் நாள் குறித்தார்கள். அதே நாளில்தான் மருத்துவமனை எனக்குப் பெட் ஸ்கேன் வைத்திருந்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவள் நான். நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் இதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. பெற்ற தாய் முதல் வளையலைப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதையும் விட மனம் வரவில்லை.

காலை 8.10, நோவீனாவில் உள்ள மருத்துவமனை. ஊசியில் ஏற்றியது கதிர்வீச்சுள்ள ஃபுளோரின்-18 சேர்த்த சர்க்கரை. 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதில் பாதி சிதைந்துவிடும் என்பதால் அன்றன்றைக்கே தயாரிக்கிறார்கள். எடுத்து வைக்க முடியாத பண்டம்.

"ஆறு மணி நேரத்துக்குக் கர்ப்பிணிங்க, சின்னப் பிள்ளைங்க பக்கத்துல போகாதீங்க ஆன்ட்டி. தண்ணி நிறைய குடிங்க. அப்புறம் ஓகே லா" என்றார் நர்ஸ்.

ஸ்கேன் முடிந்து 10.15க்கு வெளியே வந்தேன். பாதி போயிருந்தது. ரயிலில் யார் பக்கத்தில் உட்காருவார்களோ என்று லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போனேன். ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம், நல்ல வெயில்.

வளையல் கடையில் சோதனை காத்திருந்தது. விற்கிற பெண்ணுக்கே ஏழு மாதம் இருக்கும்.

"உள்ள வாங்கக்கா, ஃபேன் இருக்கு."

"இங்கயே நிக்கிறேன்மா. ஊசி போட்டிருக்கேன், உன் பக்கத்துல வரக்கூடாது. பச்சையும் சிவப்புமா ரெண்டு டஜன் குடு."

அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வளையல் பெட்டியை வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே நகர்ந்துகொண்டாள். பன்னிரண்டு வெள்ளிப் பணத்தை ஸ்டூலில் வைத்தேன். "நல்லாயிருங்கக்கா" என்றாள். தெருவென்றும் பாராமல் கண் கலங்கிவிட்டது.

தேக்கா உணவுச் சந்தையில் ஒரு மூலை மேசை, இரண்டு தோசை, பால் சேர்க்காத தே ஓ, மூன்று பாட்டில் தண்ணீர். கழிப்பறைக்கு எத்தனை முறை போனேன் என்று கேட்காதீர்கள். 11.50க்கு மிச்சம் கால்வாசி, 1.40க்கு அரைக்கால்வாசி. 2.40க்கு 67ஆம் எண் பஸ்ஸில் மேல்மாடி ஏறினேன். கர்ப்பிணிகள் அந்தப் படியில் ஏற மாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

3.50க்கு மகள் இருக்கும் சுவா சூ காங். ஆறு மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் மகளின் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில் உட்கார்ந்துவிட்டேன். "மாமியாரை வைத்து ஆரம்பித்துவிடு" என்று கயலுக்குச் செய்தி அனுப்பினேன். என் உடம்பை நான் நம்புவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது.

5.20க்கு லிஃப்ட் திறந்தது. பட்டுப்புடவையில் கயல். பின்னால் சந்தனக் கிண்ணத்தோடு அவள் மாமியார். நான் எழுந்து தூணுக்குப் பின்னால் போனேன்.

"ஒன்பது மணி நேரம் ஆச்சும்மா."

"இன்னும் முப்பத்திரண்டுல ஒரு பங்கு இருக்குடி."

"பாதி பாதியா போனா கொஞ்சம் மிச்சம் இருந்துட்டேதான் இருக்கும். அப்ப எப்பதான் வருவீங்க?"

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒரு வளையல்கூட ஏறியிருக்கவில்லை. மாமியார் சந்தனக் கிண்ணத்தைக் கல் மேசையில் வைத்தார். தூணைவிட்டு வந்து அங்கேயே முதல் வளையலைப் போட்டேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: நிறையத் தண்ணீர் குடியுங்கள், குடை எடுத்துப் போங்கள். சிதைந்த ஃபுளோரின் கதிர்வீச்சில்லாத ஆக்சிஜனாகிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் நர்ஸ் எத்தனை மணி நேரம் சொல்கிறாரோ, அத்தனை மணி நேரம் கண்டிப்பாகத் தள்ளி இருங்கள். அதற்கு மேல் கீழே உட்கார்ந்திருக்காதீர்கள். மேலே ஒருத்தி வெறுங்கையோடு காத்திருப்பாள்.