கயிறு கட்டி இழுத்த கார்

ஆட்டோமேட்டிக் கியர் கார் வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பிறருக்கு விதிகளை வாசித்துக் காட்டியே ஓய்வு பெற்ற நான், காரின் கையேட்டில் இதைப் படித்திருந்தேன்.

என் மனைவி கமலாவுக்கு இடது காலில் வலுவில்லை. கிளட்ச் மிதிக்க வேண்டாமே என்று அவளுக்காக வாங்கிய பழைய கார் அது. அவள் ஓட்டிவந்தபோது தொப்பூர் மேட்டில் நின்றுவிட்டது.

"கயிறு போடுங்க சார், தருமபுரி வரைக்கும் இழுத்து வுட்டுடறேன்" என்றார் ஒரு லாரிக்காரர். அந்த நல்ல மனிதரிடம் விதி பேசக் கூச்சப்பட்டேன்.

மெக்கானிக் கியர்பாக்ஸைப் பிரித்தார். "மொதல்ல போனது ஒரு சென்சார்தாங்க. எஞ்சின் ஓடாம இழுத்தா உள்ள ஆயில் ஏறாது. அதான் பிளேட்டெல்லாம் தேஞ்சு போச்சு."

கமலாவோ தன்னால்தான் கெட்டது என்று ஒடுங்கிப்போனாள்.

"நீ ஓட்டினதால கெட்டுப் போகல, நான் இழுக்க வுட்டதாலதான் போச்சு. மறுபடி ஓட்டுவியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அலுவலகத்தில் மனு கொடுத்தால் ரசீதாவது தருவார்கள்.

இப்போது காரை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரரின் எண் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கயிறோடு வருபவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன்.

பழுது நீங்கிக் கார் வீடு வந்ததும் ஓட்டுநர் இருக்கையில் உட்காரப் போனேன்.

"ஏங்க, அந்தப் பக்கம் போயி உக்காருங்க" என்று கமலா சாவிக்குக் கை நீட்டினாள்.

பதில் கிடைத்த நாள், ஆடிப் பதினெட்டு.