குறிஞ்சிப்பாடியில் ஒரு மனு

1. சிதம்பரம் போகும் எங்கள் பேருந்து குறிஞ்சிப்பாடியில் பஞ்சராகி நிற்கிறது.
2. டீக்கடையில், எங்களோடு பேருந்தில் வந்த ஸ்டெல்லா அக்கா, போரை நிறுத்தக் கோரும் மனுவுக்குக் கையெழுத்து கேட்கிறார். அவருடைய கணவர் ராணுவத்தில் இருக்கிறார்.
3. பக்கத்தில் அமர்ந்திருக்கும் அக்காவின் மாமனாருக்குக் கோபம் வருகிறது.

"எம் புள்ள பார்டர்ல நிக்கிறான். இங்க நீ இப்டி கேட்டா அவனுக்குத் தெம்பு கொறையாதா?"

"இந்தச் சண்ட நியாயம்னு நெனைக்கிறீங்களா மாமா? இல்ல, அவுரு அங்க இருக்காருன்னு நியாயம்ங்கிறீங்களா?"

"வாயப் பாரு! உன்ன வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்."

அக்கா சிரித்துவிடுகிறார். நான் பேனாவை வாங்குகிறேன். காற்றில் மனு படபடக்க, மாமனார் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடிக்கிறார்.

இதுவரை பதினேழு பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். மாமனார் இன்னும் போடவில்லை. தாளிலிருந்து விரலை எடுக்கவும் இல்லை.