எட்டேழு எவ்வளவு?

எங்கள் எதிர் வீட்டுப் புவனேஸ்வரி கணக்கில் பட்டம் வாங்கியவள். எங்கள் ஊர் மீன்சுருட்டியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? திருச்சி அறக்கட்டளை ஒன்று சமுதாயக் கூடத்தில் நடத்திய மாலை வகுப்பில், மூணாவது நாலாவது படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள்.

முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கும் ராசாத்தியின் மகள் கவியாவும் அங்கே வந்தாள். ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பிப்பாள். "எட்டேழு எவ்வளவு?" என்று நடுவில் கேட்டால் போச்சு. கையைக் கட்டிக்கொண்டு, "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று அடியிலிருந்து ஆரம்பிப்பாள். யாராவது தும்மினால் மறுபடியும் அடியிலிருந்து. பரீட்சையில் இரண்டு கணக்கு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மக்கு என்று பெயரும் வாங்கியாயிற்று.

புவனேஸ்வரி ராகத்தை நிறுத்தினாள். கூடத்து வாசலில் முதலில் வந்த பிள்ளை நின்று, பின்னால் வருகிற பிள்ளையை ஒரு கேள்வி கேட்கும். தெரிந்தால் உள்ளே போகலாம். தெரியாவிட்டால் கேட்ட பிள்ளையே விடையைச் சொல்லும். தெரியாத பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வரும். அடி கிடையாது, திட்டு கிடையாது.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு சாமி. அடியிலேருந்து ஓடாத. ஏழேழு தெரியுமில்ல? அதோட இன்னொரு ஏழைச் சேரு" என்பாள் கவியாவிடம்.

தை மாதம் ஒரு நாள் கவியா செருப்பைக் கழற்றிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அம்பத்தாறு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாளாம். அன்று புவனேஸ்வரி என் வீட்டுக்கு வந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

பிறகுதான் வந்தார் அழகேசன், அறக்கட்டளையின் மேற்பார்வையாளர். கையில் செல்போன். அடுத்த வருஷம் வகுப்பு யார் கையில் என்பதை அவர்தான் எழுதிக்கொடுக்க வேண்டும்.

"பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்க மேடம். எல்லாரும் ஒரே குரல்ல."

"அப்படிப் பழக்கலீங்க சார். கலந்து கேளுங்க, சொல்லுவாங்க."

"கலந்து கேட்டா வீடியோல என்னங்க தெரியும்?"

பாட வைத்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, நடுவிலேயே சிரித்துவிட்டன. அந்த வாரமே பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கைகட்டி நின்று பதினாறாம் வாய்ப்பாடு பாடும் வீடியோ எல்லோர் போனுக்கும் வந்தது. பெற்றவர்கள் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு நானும் போனேன். முன்னால் நின்றவள் ராசாத்தி.

"அங்க பதினாறு வரைக்கும் பாடுதுங்க. எம்புள்ள ஏழுலயே நிக்குது. வாசல்ல நிக்க வச்சு வெளையாட்டுக் காட்டுறீங்களே டீச்சர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உம் பொண்ண நடுவுல ஒண்ணு கேட்டுப் பாருடி" என்றேன்.

"நான் கேட்டா அது சரியா தப்பான்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? பாடுனாத்தான் படிக்குதுன்னு தெரியுது."

புவனேஸ்வரி கூடத்துச் சாவியை அழகேசனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அறக்கட்டளை அனுப்பிய புது ஆள் வரிசையாக நிற்க வைத்துப் பாடச் சொன்னார். சாயங்காலமானால் எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். அவள் எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். நானாயிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஆடி மாதம் ஜெயங்கொண்டம் போக நானும் அவளும் பஸ்ஸுக்கு நின்றோம். ராசாத்தி கவியாவோடு வந்தாள். புவனேஸ்வரி பழைய பழக்கத்தில் சிரித்துக்கொண்டே கேட்டாள், "எட்டேழு?"

கவியா பையைக் கீழே வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு..."

"பாருங்க டீச்சர், இப்பத் திக்காம சொல்லுது" என்றாள் ராசாத்தி. உண்மையாகவே பூரித்துப் போயிருந்தாள்.

அதற்குள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. கவியா திடுக்கிட்டு நிறுத்தினாள். விழித்தாள். பிறகு மறுபடியும், "ஓரேழு ஏழு..."

நான் புவனேஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. பஸ் போய்விட்டது. கவியா அம்பத்தாறுக்கு வந்து சேரும்வரை நின்று கேட்டுவிட்டு, "நல்லா சொல்ற சாமி" என்றாள்.