ஆவரசம்பூத் தேத்தண்ணி

சாய்ந்தமருதுக் கடற்கரையில் மாலையில் நடக்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் காலிதீனின் தள்ளுவண்டியைத் தெரியும். அந்த வண்டியில் ஊற்றிக் கொடுக்கிற குடிநீரெல்லாம் அவன் மனைவி ஸுல்பிகாவின் கைப்பக்குவம் என்பது அநேகம் பேருக்குத் தெரியாது.

சளிக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும், சலக்கடுப்புக்கு நெருஞ்சி முள், வெயில் காலத்து உடம்புச் சூட்டுக்கு வில்வம்பூ, அசதிக்கு ஆவரசம்பூ. இதெல்லாம் அவள் பிறந்த வீட்டின் அடுப்பில் நாளாந்தம் கொதித்தவை. கொத்தமல்லியை வாசம் வரும்வரை வறுக்க வேண்டும், பூவைக் கொதிக்க விடாமல் இறக்கிய தண்ணீரில் போட்டு மூட வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கத்தில் வந்தது. காய்ச்சல் விடாமல் நின்றால் அவளுடைய உம்மா கொத்தமல்லிப் பானையை ஒதுக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள். அதனால் குடிநீர் எது, மருந்து எது என்பதில் ஸுல்பிகாவுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

அவள் குடியிருந்த வீடு, நானா என்று அவள் கூப்பிடும் மூத்த அண்ணன் கட்டிக் கொடுத்தது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடில்லாமல் கலியாணம் பேச முடியாது. வாப்பா மௌத்தாகி, தகப்பன் பொறுப்பு தன் மேல் விழுந்த பிறகு மூத்தவன் மசூர், கரைவலை இழுத்தும் ஆழ்கடலுக்குப் போயும் சுவர் சுவராக அதை எழுப்பினான். தங்கை கலியாணம் முடித்து, அவள் மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் அவன் மர்ஷூதாவைக் கைப்பிடித்தான். அவன் கட்டிய வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன் காலிதீன்.

கல்முனையில் காலிதீன் வைத்திருந்த புடவைக்கடை நொடித்துப் போனபோது, வண்டி போடலாம் என்று சொன்னது ஸுல்பிகாதான். "நான் காய்ச்சித் தாறன், நீங்க கொண்டு போய் வில்லுங்க" என்றாள். குடிநீர் நன்றாக இருந்தது. குடித்தவர்கள் மறுநாளும் வந்தார்கள். அதோடு நின்றிருந்தால் நல்ல பிழைப்புத்தான்.

பிறகு காலிதீனுக்கு நீரிழிவு, ஊர்ப்பேச்சில் சீனி வருத்தம், வந்தது. கிளினிக்கில் தினமும் விழுங்கக் குளிசை கொடுத்தார்கள். அவனும் ஒழுங்காகப் போட்டான். ஆவரசம்பூத் தேத்தண்ணியும் குடித்தான். சீனி இறங்கியது. ஒருநாள் வண்டியடியில் யாரோ ஒரு பொடியன் போனை நீட்டிக் கேட்டபோது, "ஆவரசம்பூதான் என்ட சீனியைக் குறைச்சிச்சு" என்று சொல்லிவிட்டான். அந்த வீடியோ பொத்துவில் வரைக்கும் போனது. அடுத்த கிழமை வண்டிக்கு மேலே காலிதீனின் சிரித்த முகத்தோடு ஒரு பெனர் தொங்கியது: 'குளிசை இல்லாமல் சீனியை வென்றவர்.'

அன்றிலிருந்து அவன் உள்ளூர்க் கிளினிக்குக்குப் போகவில்லை. அவனை யாருக்கும் தெரியாத வேறொரு ஊருக்கு பஸ் ஏறிப்போய் மருந்து வாங்கி வந்தான். காலையில் குளிசையோடு தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் கொடுப்பவள் ஸுல்பிகா.

"இது பொய்தானே?" என்று ஒரு காலையில் கேட்டாள்.

"என்ன பொய்? நான் ஆவரசம்பூ குடிக்கிறன். சீனி குறைஞ்சிரிக்கி. ரெண்டும் உண்மைதானே?"

"நடுவுல குளிசை ஒண்டு இரிக்கே."

"வேவாரம் புரியாமக் கதைக்காத புள்ள" என்று குளிசையை விழுங்கிவிட்டு எழுந்து போனான்.

மசூருக்கும் பல வருடமாகச் சீனி வருத்தம் இருந்தது. கிளினிக் வரிசையில் காத்துக் கிடப்பதை அவன் வெறுத்தான். மச்சான் குணமானதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து வலை கரையேறியதும் நேரே வண்டிக்கு வந்து குடித்தான். மசூரிடம் காலிதீன் மறுப்புச் சொல்லவில்லை. பெரிய கோப்பையாக ஊற்றிக் கொடுத்தான்.

மசூர் குளிசையை அடியோடு விட்டுவிட்ட செய்தியை மர்ஷூதாதான் கொண்டு வந்தாள். "பைக்கட்டோட குப்பையில போட்டுட்டாரு மச்சி. நீங்க காய்ச்சிறதுதானே, நம்பிக் குடிக்கட்டும் எண்டு நானும் உட்டுட்டன்."

அன்று ஸுல்பிகா கணவனைப் பிடித்துக் கொண்டாள். "ஊராருக்கு என்னவும் சொல்லுங்க. நானாட்ட உண்மையைச் சொல்லுங்க." காலிதீன் தலையாட்டினான். நாளைக்குக் கதைக்கிறேன் என்றான். அடுத்த நாளும் அதையே சொன்னான். பொறுக்க மாட்டாமல் அவளே நானாவின் வீட்டுக்குப் போனாள்.

"நானா, தேத்தண்ணி குடிங்க, வேணாங்கல்ல. குளிசையையும் போடுங்க."

"மச்சான் போடல்லயே?" என்றான் மசூர்.

அவர் போடுகிறார் என்று சொல்ல அவள் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஒரு மாலைக்குள் கடற்கரை முழுக்கப் பரவிவிடும். பெனரில் இருக்கும் அந்த முகத்தை ஊர் காறித் துப்பும். மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்து கொண்டிருந்த நேரம் அது. "எல்லார்ர உடம்பும் ஒண்டில்ல நானா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

மழை தொடங்குவதற்குச் சற்று முன், வலையிலிருந்து மீன் தட்டும்போது கெளுத்தி முள் மசூரின் பாதத்தில் ஏறியது. வழக்கமாக ஏறுவதுதான். முள்ளைப் பிடுங்கி உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அவன் மறுபடி வலையைப் பிடித்தான். கால் வீங்கியது, கறுத்தது. நோகவில்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தான். நாற்றம் தாங்காமல் மர்ஷூதா அழுது கூப்பாடு போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

வார்டில் மசூர் கண் விழித்த மறுநாள் ஸுல்பிகா போனாள். மர்ஷூதாவும் கட்டிலோரம் இருந்தாள். ஸுல்பிகா கைப்பையிலிருந்து காலிதீனின் குளிசைப் பைக்கட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"இது அவர்ர நானா. ஒருநாளும் உட்டதில்ல. ஒவ்வொரு நாளும் நான்தான் எடுத்துக் குடுக்கிற."

மசூர் பைக்கட்டைத் தொடவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கொண்டான். திரும்பாமலே, "எடுத்துட்டுப் போ தங்கச்சி, ஆக்கள் பாக்கப் போறாங்க" என்றான். மர்ஷூதா ஸுல்பிகாவையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

நானா இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான் என்றுதான் ஸுல்பிகா நினைத்தாள். நடந்தது வேறு. காயம் ஆறியதும் காலிதீன் ஆட்டோ பிடித்துப் போய் மச்சானைக் கூட்டி வந்து, வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார வைத்தான். சில நாட்களில் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு ஸுல்பிகாவுக்கு உடம்பு எரிந்தது. மசூர் தன் வெட்டுப்பட்ட காலைக் காட்டி, "இது நான் தேத்தண்ணிக்குப் பிந்தி வந்ததால போனது. மத்தக் காலை இந்தத் தேத்தண்ணிதான் காப்பாத்தினது" என்று சொல்கிறானாம். காலையும் மாலையும் மர்ஷூதா அவனுக்கு இன்சுலின் ஊசி போடுவது வண்டியடிக்கு வருகிற யாருக்கும் தெரியாது.

முக்காட்டைப் போட்டுக்கொண்டு அவள் நேரே கடற்கரைக்குப் போனாள். காலிதீன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான்.

"உங்களுக்குத் தெரியும்தானே நானா?"

"ஓம், தெரியும்."

"மறுகா ஏன் இப்பிடிச் சொல்றீங்க?"

மசூர் கடலைப் பார்த்தான். கரையில் வேறு ஆட்கள் வலை இழுத்துக் கொண்டிருந்தார்கள். "இனி என்னால அது ஏலா. ஊட்டுல இருந்தா மர்ஷூதாட மொகத்தப் பாத்துட்டு இருக்கணும். இஞ்ச இருந்தா நாலு பேர் சலாம் சொல்றானுகள், என்ட கதையைக் கேக்கிறானுகள். இதையும் பறிக்காத தங்கச்சி."

இந்த மனிதனை இங்கே கொண்டுவந்து இருத்தியதில் தன் கையும் உண்டு என்பதை நினைத்தபோது கோபப்படவும் முடியவில்லை.

அன்றோடு அவள் வண்டிக்குக் காய்ச்சுவதை நிறுத்தினாள். காலிதீன் சத்தம் போட்டான், பிறகு கெஞ்சினான், பிறகு தானே காய்ச்சப் பழகினான். பூவை அவிய அவியக் கொதிக்க விட்டுக் கசப்பேற்றி வைத்தான். கசப்பாக இருந்தால்தான் சீனிக்கு நல்லது என்று ஆட்கள் கூடுதலாகக் குடித்தார்கள்.

விபரம் கேட்டு வீடு தேடி வருகிற பெண்களிடம், "குளிசையை உட்டுடாதீங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள் ஸுல்பிகா. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்வார்கள். புருசனோடு ஏதோ மனத்தாங்கல், அதுதான் இப்படிக் கதைக்கிறாள் என்று அவள் காதுபடவே பேசிக்கொண்டு போனார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று இறைச்சிக் கறியும் சோறுமாக ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு நானாவின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது மர்ஷூதா.

"மச்சி, ஆஸ்பத்திரியில கேக்காம உட்டத இப்ப கேக்கிறன். அவரு குளிசையை எறிஞ்சிட்டாரு எண்டு நான் வந்து சொன்ன நேரம், உங்கட புருசன் குளிசை போடுறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மதினி."

மர்ஷூதா தட்டை வாங்கி உள்ளே கொண்டு போனாள். சோற்றை வேறு பாத்திரத்தில் கொட்டி, தட்டைக் கழுவித் துடைத்து, பதிலுக்கு ஒன்றும் வைக்காமல் நின்ற நிலையிலேயே திருப்பிக் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை. ஸுல்பிகா வெறுந்தட்டோடு, பெருநாள் உடுப்பில் ஓடித்திரிந்த பிள்ளைகளுக்கு நடுவே, அண்ணன் கட்டிக் கொடுத்த வீட்டை நோக்கி நடந்தாள்.