கண்ணாடி போட்ட இறால்

அந்த இறாலுக்கு என் முகச்சாயல் இருந்தது தற்செயல் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். என் புகைப்படத்தைக் கொடுத்து, கண்ணாடியோடு வரையச் சொன்னவனே நான்தான்.

இறால் குடியிருந்தது நான் செய்த ஒரு மென்பொருளுக்குள். கணினிக்கு நிரல் எழுத ஊர் உலகமெல்லாம் பயன்படுத்தும் ஒரு மொழியை எடுத்து, அதன்மேல் தமிழ்ப் போர்வை போர்த்தி, ‘புதியவர்களுக்கு மிக எளிது’ என்று நெற்றியில் ஒட்டியிருந்தேன். சென்னைக் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, சொந்த ஊரான திருப்பாலைவனத்தில் நெல் விளைச்சலைப் பற்றிப் பேசத் தெரியாத ஒரே ஆளாக உட்கார்ந்திருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில், ஏரிக்கரை மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தில் மாலை வகுப்பு தொடங்கினேன்.

மடிக்கணினி ஒன்றுதான். வந்தவர்கள் நாலைந்து பெண்கள். ஏரியில் எந்த இடத்தில் எவர் எப்போது வலை போடலாம் என்பதற்கு அங்கே முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். அடுத்தவர் முறையில் வலை இறக்கினால் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அந்தச் சட்டத்தை அவர்களே மடிக்கணினிக்கும் நீட்டிக்கொண்டார்கள். ஒருத்தி வராவிட்டால் அவள் நேரம் முடியும்வரை அது மூடியே கிடக்கும். மற்றவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து நண்டு விலை பேசுவார்கள். நான் ரசித்தேன். ரசிக்கிறவனுக்கு என்ன நஷ்டம்?

அவர்களில் ஒருத்திக்கு மட்டும் அவசரம். பி.காம் படித்த மருமகள். புருஷன் கொண்டுவரும் மீன் குறைந்துகொண்டே வந்த நேரத்தில், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணினி வேலைக்குத் தேர்வு வைத்தார்கள்.

“துறைமுகம் வேணாம்னு கொடி புடிச்ச வூட்லேர்ந்து அங்கியே வேலைக்குப் போறியா?” என்றாளாம் மாமியார்.

“கொடி புடிச்சா சம்பளம் வருமா அத்தே?” என்றாளாம் இவள்.

விடிந்தால் தேர்வு. அன்று மாலை முதல் பாடு அவளுடையது. பெட்டிகளை எடைவாரியாகப் பிரிக்கும் நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டாள். இறால் துள்ளி வந்து குட்டிக்கரணம் போட்டது: ‘அச்சச்சோ! எங்கேயோ சின்னச் சறுக்கல்! கவலை வேண்டாம் தோழி, மறுபடி முயன்று பார்!’

“எங்க சார் சறுக்கல்?”

“எங்கேயோ.”

“அதத்தான் எறா சொல்லிச்சே. நீங்க சொல்லுங்க.”

மூல மொழி எந்த வரியில் தவறு என்று சொல்லிவிடும். வரி எண்ணைக் கண்டால் புதியவர்கள் மிரள்வார்கள் என்று, எந்தப் புதியவரையும் கேட்காமல், அதை மறைத்து இறாலை ஆடவிட்டவன் நான். இப்போது நானே தேடினேன், அகப்படவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் இறாலை மூடுவாள். அது மறுபடி குதிக்கும். என் முகமே தோழி, தோழி என்று கொஞ்சிக்கொண்டு வந்தது. வளர்ந்த பெண்ணுக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக் காட்டியிருக்கிறேன். அதற்கு எளிமை என்று பெயர் வேறு.

அவள் நேரம் முடிந்தது. அடுத்த முறைக்காரி நகர்ந்து இடம் விட்டாள். “நீயே குந்துக்கா, உனுக்குத்தான பரீட்சை.”

இவள் அதற்குள் எழுந்துவிட்டாள். “உன் பாடுல நான் வல போட்டா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஊர்ல நடப்பேன்?”

“இது ஏரி இல்லம்மா, லேப்டாப்பு” என்றேன்.

“முறைன்னா முறைதான் சார்.”

மறுநாள் மாலை வகுப்புக்கு வந்தாள். வேலை கிடைக்கவில்லை.

“அங்கயும் தப்பு வந்துச்சி சார். செவப்பா இன்னாவோ நீட்டா எழுதிச்சி. நம்ம எறா மாதிரி ஆறுதல் சொல்லுதுன்னு படிக்காமலே மூடிட்டேன். வெளிய வந்தப்புறம் ஒரு பொண்ணு சொல்லிச்சி, அதுலதான் எந்த வரின்னு போட்டிருந்துச்சாம்.”

எச்சரிக்கையைப் படிக்காமல் மூடும் பழக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது என் மென்பொருள்தான். உருப்படியாக அது கற்றுக்கொடுத்ததும் அது ஒன்றுதான். நான் மன்னிப்பை ஆரம்பித்தேன், வழக்கம்போல நீளமாக. பாதியிலேயே அவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

“வுடுங்க சார், மனசுல வெச்சிக்காதீங்க. உங்ககிட்ட படிக்காதவங்களும் ஃபெயிலுதான்.”